வலியைத் தாங்கலாம், எச்சரிப்பை மறைக்கலாமா?



ஞாயிறு ஆராதனை முடிந்து ஹாலில் காப்பி குடிக்கும் நேரத்தில் நம் பையன்கள் கூடிப் பேசுவது பெரும்பாலும் கால்பந்தைப் பற்றித்தான். சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி எங்களிடம் கேட்டான்: "ஆன்ட்டி, காலேஜுக்குப் போயிட்டு அப்புறம் பிரீமியர் லீக்ல ஆட முடியுமா? அதுக்குள்ள வயசாயிடாதா?" பக்கத்தில் நின்ற அவன் அப்பா, "முதல்ல எஸ்.ஏ.டி. மார்க் வரட்டும், அப்புறம் பிரீமியர் லீக்" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் தம்பியின் கேள்வி நியாயமானது. ஐரோப்பாவில் எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைக் கிளப் அகாடமியில் சேர்த்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் சிலர் பெரிய அணியில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த வயதில்தான் நம் பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குப் பெட்டி கட்டுகிறார்கள்.

முடியும் தம்பி. நம் டாலஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் நாக்கடோச்சஸ் ஊரில் வளர்ந்த பையன் ஒருவன் அப்படிப் போயிருக்கிறான். அவர் பெயர் கிளிண்ட் டெம்ப்சி. அவருடைய கதையை நீங்கள் கோல் கணக்காகக் கேட்டிருப்பீர்கள். இந்தச் சபையில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். வாலிபர் விளையாட்டு நாளில் முதலுதவி மேசை எங்களுடையது. அந்த மேசையிலிருந்து பார்த்தால் அதே கதையில் வேறு ஒரு பகுதி கண்ணில் படுகிறது. அதைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

டெம்ப்சி 1983-ல் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே வேலை. அம்மா எங்களைப்போல ஒரு நர்ஸ். வசதியான குடும்பம் இல்லை. வீட்டுப் பக்கத்து மைதானங்களில் மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் ஆடித்தான் பந்தைப் பழகினார். பிறகு டாலஸில் ஒரு நல்ல இளையோர் கிளப்பில் இடம் கிடைத்தது. பயிற்சிக்குப் போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். அதே வீட்டில் அக்கா டென்னிஸில் முன்னேறிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பணமும் நேரமும் போதவில்லை. ஒரு கட்டத்தில் தம்பியின் கால்பந்து நிறுத்தப்பட்டது. அணியிலிருந்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் செலவையும் பயணத்தையும் பங்கிட்டுக்கொள்ள முன்வந்ததால் மறுபடி தொடர முடிந்தது. 1995 நவம்பரில் அந்த அக்கா மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். அவளுக்கு 16 வயது, தம்பிக்கு 12. பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற நம் பெற்றோர் பலருக்கு இந்தக் குடும்பத்தின் பாரம் புரியும்.

பள்ளி முடித்ததும் தென் கரோலினாவில் உள்ள ஃபர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1826-ல் பாப்டிஸ்ட் சபையார் தொடங்கிய கல்லூரி அது. 2001 முதல் 2003 வரை மூன்று சீசன் அங்கே ஆடினார். 2004 ஜனவரியில் எம்.எல்.எஸ். டிராஃப்ட் நடந்தது. அதில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் 14 வயது ஃபிரெடி ஆடு. நாடே அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தது. எட்டாவதாக நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் அணி எடுத்தது 20 வயது டெம்ப்சியை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது டெம்ப்சிக்குக் கிடைத்தது. ஆடு பல நாடுகளில் ஆடினார், ஆனால் பிரீமியர் லீக்கில் ஆடவே இல்லை. "வயசாயிடாதா?" என்று கேட்ட தம்பிக்கு இதுவே பதில்.

2007 ஜனவரியில் லண்டனின் ஃபுல்ஹாம் கிளப் ஏறக்குறைய 40 இலட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியது. அந்த மே மாதம் லிவர்பூலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒரே கோல் அடித்தார். அந்த வெற்றி ஃபுல்ஹாம் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பப் பெரிதும் உதவியது. 2012 ஜனவரியில் நியூகாசிலுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் அமெரிக்கர் அவர்தான். அந்த ஆண்டே டாட்டன்ஹாம் போனார். 2013-ல் அமெரிக்கா திரும்பி சியாட்டில் அணியில் சேர்ந்தார். 2006, 2010, 2014 ஆகிய மூன்று உலகக் கோப்பையிலும் ஆடி, மூன்றிலும் கோல் அடித்தார். இவையெல்லாம் நம் பையன்களுக்கு மனப்பாடம்.

இனி எங்கள் மேசைக்கு வருவோம்.

டெம்ப்சி வலியைத் தாங்குவதில் பேர்போனவர். எம்.எல்.எஸ். வந்த முதல் ஆண்டில் தாடை எலும்பு முறிந்த நிலையிலும் ஆடினார். 2014 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் எதிரணிக்காரரின் கால் முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மிச்ச நேரமும் ஆடினார். "அப்படி இருக்கணும்" என்று நம் வீடுகளில் சொல்வோம். நாங்கள் அதைப் புகழ வரவில்லை. ஆனால் உடைந்த மூக்கு எல்லாருக்கும் தெரிகிற காயம். வலித்தது, சகித்தார்.

2016 ஆகஸ்டில் நடந்தது வேறு. 33 வயதில் அவருடைய இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது. வெளியே இரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. களத்தில் நின்றால் யாருக்கும் தெரியாது. தாடை முறிந்தும் ஆடிய அதே மனிதர் இப்போது பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்தார். கிளப்பும் விஷயத்தை ஒளிக்காமல் அறிவித்தது. செப்டம்பரில், அந்த சீசனில் இனி அவர் ஆடமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் சியாட்டில் அணி தன் முதல் எம்.எல்.எஸ். கோப்பையை வென்றது. அணியின் பெரிய நட்சத்திரம் அன்று களத்தில் இல்லை.

டெம்ப்சி வாழ்க்கையிலிருந்து நம் வாலிபர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இந்த ஆகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்பது எங்கள் கருத்து. தாங்க வேண்டிய வலி ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டிய எச்சரிப்பு ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதே ஆபத்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம் சபையிலேயே நடந்தது ஒன்று உண்டு. அந்தப் பையனும் பெற்றோரும் "எழுதுங்கள், இன்னொரு வீட்டுக்கு உதவும்" என்று சொன்னதால் எழுதுகிறோம்.

சென்ற விளையாட்டு நாளில், இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் மேசைக்கு வந்து தண்ணீர் கேட்டான். உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான்: "ஆன்ட்டி, நெஞ்சு படபடன்னு அடிக்குது. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

நாடியைப் பிடித்துப் பார்த்தோம். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் எண்ண முடியாத வேகம். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. படுக்க வைத்தோம், ஆம்புலன்சை அழைத்தோம், அம்மாவையும் அழைத்தோம். எங்கள்மேல் அவனுக்கு அன்று கோபம்தான்.

பிறகு தெரிந்தது, அது முதல் தடவை அல்ல. ஓராண்டுக்குள் மூன்று முறை வந்திருக்கிறது. ஒரு முறை பயிற்சியின் நடுவே கண் இருட்டி விழுந்திருக்கிறான். காலையில் சாப்பிடவில்லை என்று கோச்சிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "காலேஜ் கோச் ஒருத்தர் என்னைப் பார்க்க வர்றதா சொல்லியிருந்தார்" என்றான்.

அவன் பயம் வெறும் பயம் அல்ல. 2025 வரை பல ஆண்டுகளாக முதல் பிரிவுக் கல்லூரியின் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 9.9 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி இருந்தது. அதை அணியில் உள்ள இருபது முப்பது பேருக்குப் பங்கு போட வேண்டியிருந்தது. ஒரு சின்னப் பங்குக்காக எத்தனை பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு மாதம் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறொருவன் வருவான். வீட்டில் சொன்னால், "அப்பவே சொன்னேன், பந்து வேண்டாம், படி" என்பார்கள் என்றும் தெரியும். கோச்சுக்கும் பயந்து வீட்டுக்கும் பயந்து பையன் வாயை மூடிக்கொண்டான்.

மறைத்தது பையன் மட்டும் அல்ல. டெக்சாஸ் பள்ளிகளில் விளையாட்டில் சேருமுன் ஒரு மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டும். ஓடும்போது மயங்கியதுண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, இதயம் வேகமாக அடித்ததோ தப்பி அடித்ததோ உண்டா என்று அதில் கேட்பார்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குமுன் இதயக் கோளாறினாலோ திடீரென்றோ இறந்ததுண்டா என்றும் கேட்பார்கள். பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவன் அப்பா "இல்லை" என்று குறித்திருந்தார். மருத்துவமனையில் டாக்டர் அதையே மறுபடி கேட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என் தம்பி. ஊர்ல. 34 வயசு. ராத்திரி படுத்தவன் காலையில எழுந்திருக்கல." பக்கத்தில் நின்ற மகனுக்கு அன்றுதான் தன் சித்தப்பா எப்படி இறந்தார் என்று தெரியும்.

அவர் பொய் சொல்ல நினைத்தவர் அல்ல. சபையில் உண்மையுள்ளவர் என்று பேரெடுத்தவர். "அது நம்ம குடும்ப விஷயம், ஸ்கூலுக்கு எதுக்கு?" என்று நினைத்தார். அவ்வளவுதான். நம்மில் எத்தனை வீடுகளில் இப்படி இருக்கிறது? ஊரில் இளவயதில் போன மாமாவைப் பற்றிக் கேட்டால், "அவர் காலம் அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறோம். பெண் கொடுக்கல் வாங்கலில் பேச்சு வரும் என்று நோயின் பெயரையே சொல்வதில்லை. கடல் கடந்து வந்தபோது அந்த மௌனத்தையும் கொண்டுவந்துவிட்டோம்.

பையனுக்கு இதயத்தில் பிறவியிலேயே மின்னோட்டத்துக்கு ஒரு கூடுதல் பாதை இருந்தது. சித்தப்பாவுக்கும் அதுதானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சிகிச்சை நடந்தது. அரை சீசன் போயிற்று. அந்தக் கல்லூரி கோச் வரவில்லை. இப்போது மருத்துவர் அனுமதியோடு மறுபடி ஆடுகிறான்.

சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது. 2012 மார்ச் 17 அன்று, டெம்ப்சி சில மாதங்களுக்குப் பின் வந்து சேர்ந்த அதே டாட்டன்ஹாம் மைதானத்தில், போல்டன் அணியின் ஃபாப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே விழுந்தார். அவர் இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. பார்வையாளராக வந்திருந்த ஓர் இதய மருத்துவர் உட்படப் பலர் பாடுபட்டு உயிரை மீட்டார்கள். உயிர் கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை. 24 வயதில் ஓய்வு பெற்றார். எல்லாருக்கும் முன்கூட்டியே எச்சரிப்பு வருவதில்லை. வருகிறவர்கள் அதை ஒளித்து வைப்பது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

இங்கே விசுவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பையன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜெபித்தவர்கள் பலர். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால், "விசுவாசம் இருந்தா எழுந்து ஆடலாம்" என்றும், "ஏதாவது காரணம் இருக்கும்" என்றும் பேசியவர்களும் உண்டு. அந்தப் பேச்சு காதில் விழுந்த பிள்ளை அடுத்த முறை யாரிடம் சொல்லும்? நம் வாலிபர் கூட்டச் சாட்சிகளைக் கவனியுங்கள். சீட் கிடைத்தது, விசா கிடைத்தது, கோப்பை கிடைத்தது. கிடைக்காமல் உட்கார்ந்திருந்த மாதங்களைப் பற்றி யாரும் எழுந்து நிற்பதில்லை.

வேதாகமம் நம்மைவிட வெளிப்படையானது. பவுல் தன் வாலிப ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் அவனுடைய வயிற்றைப் பற்றியும் அடிக்கடி வரும் பலவீனங்களைப் பற்றியும் பேசுகிறார், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். அவன் விசுவாசக் குறைவுள்ளவன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. துரோப்பீமுவை நினைத்துப் பாருங்கள். பவுலோடு பயணம் செய்தவன். வியாதிப்பட்டதால் மிலேத்துவில் நின்றுவிட்டான். பவுல் அதை ஒளிக்காமல் இரண்டாம் தீமோத்தேயுவில் குறித்து வைத்தார். ஊழியம் நிற்கவில்லை. துரோப்பீமு ஊழியக்காரன் இல்லை என்றும் ஆகவில்லை. சியாட்டில் கோப்பையைத் தூக்கிய இரவில் டெம்ப்சியும் அந்த அணியின் ஆள்தான்.

ஆகையால் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்.

தம்பி தங்கையரே, கால் வலி, தசைப்பிடிப்பு, சிராய்ப்பு, தோற்றுப்போன வேதனை, இவற்றைத் தாங்கப் பழகுங்கள். ஆனால் ஓடும்போது மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால், இதயம் காரணமின்றிப் படபடத்தால், கூட ஓடுகிறவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்கினால், தலையில் அடிபட்டபின் தலைவலியோ வாந்தியோ குழப்பமோ வந்தால் அன்றே சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. இருக்கிற அந்த ஒருவருக்காகத்தான் எல்லாரையும் சொல்லச் சொல்கிறோம்.

பெற்றோரே, பிள்ளை வந்து சொல்லும்போது, "அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள். அதுதான் அடுத்த முறை அவன் வாயை அடைக்கும். படிவத்தை நிரப்பும் முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டியிடம், அத்தையிடம், பெரியப்பாவிடம், யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று கேளுங்கள். மகளுக்கும் மகனுக்கும் அதைச் சொல்லுங்கள். டெக்சாஸில் 2019-ல் வந்த சட்டத்தின்படி, விளையாடும் மாணவருக்கு ஈசிஜி எடுக்கும் வாய்ப்பு உண்டு என்று பெற்றோருக்குத் தெரிவிக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

சபையாரே, உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் விளையாட்டு நாளில் பேர் சொல்லி அழையுங்கள். ஜெர்சி கொடுங்கள். ஸ்கோர் எழுதும் பலகையைக் கையில் கொடுங்கள். ஆடாதபோதும் தான் அணியில் இருக்கிறோம் என்று தெரிந்த பிள்ளைதான் உண்மையைச் சொல்லும்.

டெம்ப்சியின் கதையை முடித்துவிடுகிறோம். மருத்துவர்கள் அனுமதி கொடுத்தபின் 2017-ல் திரும்பினார். மார்ச்சில் ஹோண்டுராசுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஜூலை 22 அன்று, நம் ஆர்லிங்டன் அரங்கில், கோஸ்டா ரிகாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார். அமெரிக்காவுக்காக அது அவருடைய 57-வது கோல். லேண்டன் டொனோவனின் சாதனையைச் சமன் செய்த கோல். பிரீமியர் லீக்கில் அவர் அடித்ததும் 57 கோல்தான். 2018-ல் ஓய்வு பெற்றார். 2022-ல் ஃபிரிஸ்கோவில் நடந்த விழாவில் தேசியக் கால்பந்து புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அந்த 57-வது கோல் வராமலே போயிருந்தாலும் 2016-ல் அவர் செய்தது சரிதான்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்குப்பின், ஹாலில் காப்பி மேசைக்குப் பக்கத்தில் நாங்கள் இருப்போம். பள்ளிப் படிவத்தைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கிச் சொல்கிறோம். தனியாகப் பேச வேண்டுமானால் ஓய்வுநாள் பாடசாலை அறை திறந்திருக்கும். விளையாட்டு நாளில் எங்களிடம் தண்ணீர் கேட்டு வந்த அந்தத் தம்பியும் எங்களோடு உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.